காத்திருந்த மன்னர்

பௌத்த பிக்ஷுக்களுக்கு ஏற்பட்ட விதிகளில் ஒன்று நம் ஊர்க்காரர்களைத் திடுக்கிடச் செய்யும். பதினைந்து நாளைக்கு ஒரு முறைதான் குளிக்கலாம் என்பது அந்த விதி. காலையில் ஒரு முழுக்கு, வெயில் தாழ்ந்ததும் ஒரு முழுக்கு என்று பழகிப்போன நமக்கு இது துறவாகத் தோன்றாது, தண்டனையாகத்தான் தோன்றும். ஆனால் விதி பிறந்த கதையைப் படித்தால், பெரிய தத்துவ விசாரம் எதுவும் இதற்குக் காரணம் இல்லை என்று தெரிகிறது. மலையடிவாரத்து வெந்நீர் ஊற்று ஒன்றில் ஏற்பட்ட நெரிசல்தான் காரணம்.

வினய பிடகம் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. மகத நாட்டு மன்னர் பிம்பிசாரர் ஒரு நாள் தலை முழுகுவதற்காகத் தபோதா என்னும் ஊற்றுக்குப் போனார். அங்கே பிக்ஷுக்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடித்துக்கொள்ளட்டும் என்று மன்னர் ஒரு புறமாக ஒதுங்கி நின்றார். அவர்களோ இருட்டும் வரையில் கரையேறவில்லை. கடைசியில் அகாலத்தில் தலை முழுகிவிட்டு மன்னர் திரும்பினால், நகரத்தின் வாயிற்கதவு சாத்தியாகிவிட்டது. நாட்டை ஆள்கிறவர் அன்றிரவு ஊருக்கு வெளியே தங்க வேண்டியதாயிற்று. விடிந்ததும், பூசிய வாசனைப் பூச்சு கலையாமல், நேராகப் புத்தரிடம் சென்றார். இவ்வளவு காலையில் இந்தக் கோலத்தில் எங்கே வந்தீர் என்று புத்தர் விசாரித்தார். மன்னர் நடந்ததைச் சொன்னார். அவர் போன பிறகு பிக்ஷுக்களுக்கு நல்ல கண்டனம் கிடைத்தது. மன்னர் நிற்பதைக் கண்ணால் கண்டும் அளவு தெரியாமல் குளிக்கலாமா என்பதுதான் குற்றச்சாட்டு. அதையொட்டிப் பிறந்தது மேலே சொன்ன விதி.

தபோதா இன்றும் இருக்கிறது. பீகாரில் நாலந்தாவின் இடிபாடுகளிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே ராஜகிருஹம், இக்காலத்து ராஜ்கீர். ‘பெருங்கதை’ படித்தவர்களுக்கு மகத காண்டத்து இராசகிரியம் என்றால் தெரியும். சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதத்தில் அங்கே போயிருந்தேன். பெரிய மலைகள் அல்ல. நம் பழனி மலைத் தொடரைப் பார்த்தவர்களுக்குக் குன்றுகள் என்றே தோன்றும். பழைய நகரம் இந்த மலைகளுக்கு உள்ளே இருந்தது. வடக்கு வாயில், வைபார மலைக்கும் விபுல மலைக்கும் நடுவிலுள்ள இடுக்கில். வெந்நீர் ஊற்றுக்கள் அந்த இடுக்கைத் தாண்டியவுடன், வாயிலுக்கு வெளியே, இரண்டு மலைகளின் அடியிலும் சுரக்கின்றன. கதையில் வரும் கதவு ஏன் முக்கியமாயிற்று என்பது அங்கே போய் நின்றால்தான் விளங்குகிறது. ஒரு வெற்றிலை போட்டு மெல்லுவதற்குள் நடந்துவிடக்கூடிய தூரம்!

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த இடத்தில் சந்தேகம் வராமல் இருக்குமா? மன்னர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிக்ஷுக்கள் விலகியிருப்பார்கள். கதவைத் தட்டி, “நான்தான்” என்றால் காவற்காரன் திறந்திருப்பான். இரண்டையும் அவர் செய்யவில்லை. முதலாவதற்குப் பக்தி காரணம் என்று விட்டுவிடலாம். இரண்டாவதற்கு? இருட்டிய பிறகு திறக்கக்கூடாது என்ற ஆணை அவருடைய ஆணையாகத்தானே இருந்திருக்க வேண்டும்! போட்டவரே மீறினால் மறுநாள் காவற்காரன் யாரைத் தடுப்பான்? இது என் ஊகம். பிடகம் ஒன்றும் சொல்லவில்லை. ஈரத் தலையோடு அடைத்த கதவின் முன் நின்று, பிறகு பேசாமல் திரும்பி நடந்த அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. இதே பிம்பிசாரரைத்தான் பிற்காலத்தில் அவர் பிள்ளை அஜாதசத்ரு சிறையில் அடைத்துப் பட்டினி போட்டுக் கொன்றான் என்று பௌத்த நூல்கள் சொல்கின்றன. சிறை இருந்த இடம் என்று பருமனான ஒரு கல் அடித்தளத்தை இப்போதும் காட்டுகிறார்கள்.

விதி என்று ஒன்று வந்தால் விலக்குக்களும் பின்னாலேயே வரும். கோடையிலும் மழை தொடங்கும் புழுக்கத்திலும் இரண்டரை மாதம் தாராளமாகக் குளிக்கலாம். நோயாளி குளிக்கலாம். வேலை செய்து வியர்த்தவன் குளிக்கலாம். பிரயாணம் செய்தவனும் புழுதிக் காற்றிலும் மழையிலும் அகப்பட்டவனும் குளிக்கலாம். ஒவ்வொரு விலக்குக்கும் பின்னால் உடம்பு கசகசத்து, தூக்கமில்லாமல் புரண்ட யாரோ ஒரு பிக்ஷு இருக்கிறார்.

தண்ணீர் ஏன் கொதிக்கிறது என்பதைப் பற்றியும் அந்தக் காலத்தில் வழக்கு நடந்திருக்கிறது. தபோதாவின் நீர் குளிர்ந்த, மீன்கள் நிறைந்த ஒரு மடுவிலிருந்து வருகிறது என்று மொக்கல்லானர் சொல்ல, மற்றவர்கள் அவர் பொய் சொல்வதாகக் குற்றம் சாட்டினார்கள். புத்தர் தீர்ப்புச் சொன்னார்: மொக்கல்லானர் சொன்னது மெய், ஆனால் வரும் வழியில் இரண்டு பெரிய நரகங்களுக்கு நடுவே புகுந்து வருவதால் நீர் காய்ந்துவிடுகிறது! ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கும் நரகக் கதையைத்தான் கேட்டு எழுதிக்கொண்டு போனார். இன்றைய பூகோள சாஸ்திரிகள், எரிமலை எதுவும் இங்கே இல்லை, மழைநீர் பாறை வெடிப்புக்களின் வழியே வெகு ஆழம் இறங்கி, பூமியின் உள் உஷ்ணத்தால் காய்ந்து திரும்புகிறது என்கிறார்கள். குளிர்ந்த நீர் கீழே ஒரு சூடான இடத்தைத் தொட்டு மேலே வருகிறது என்ற மட்டில் மொக்கல்லானர் கட்சிதான் ஜெயித்திருக்கிறது.

நானும் குளித்தேன். வைபார மலையடியில் படியேறினால் ஸப்ததாரை; சுவரில் வரிசையாக உள்ள வாய்களிலிருந்து வெந்நீர் கொட்டுகிறது. சற்றுத் தள்ளிப் பிரம்ம குண்டம். அதுதான் எல்லாவற்றிலும் சூடு. ஏறக்குறைய 45 டிகிரி. முதலில் கட்டை விரலை நனைத்து, பிறகு கணுக்கால், பிறகு முழங்கால் என்று தவணை முறையில்தான் இறங்க முடிந்தது. பக்கத்தில் இருந்த பாட்னா வியாபாரி ஒருவர், கீல்வாதத்துக்காக வருஷந்தோறும் வருகிறவர், கழுத்தளவு நீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஸப்ததாரையில் ஒரு வாய்க்குக் கீழே நிற்பவர் நகருவதற்காகப் பத்துப் பேர் துண்டோடு குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றோம். நின்றவர் இரண்டாம் முறை சோப்புத் தேய்க்கத் தொடங்கினார். “அரே பாயீ!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பிற்று. பிம்பிசாரருடைய பொறுமை எங்கள் வரிசையில் ஒருவருக்கும் இல்லை. எனக்கும்தான்.

1812ஆம் ஆண்டு புக்கானன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் இங்கே வந்து ஒவ்வொரு குண்டத்திலும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். சேலத்தையும் கோயம்புத்தூரையும் 1800இல் சுற்றிப் பார்த்து எழுதினாரே, அவரேதான். எதிரே விபுல மலையடியில் மக்தூம் குண்டம். பதினான்காம் நூற்றாண்டில் இந்த மலைகளில் தவமிருந்த ஸூபி மகான் ஷரபுத்தீன் யஹ்யா மனேரியின் நினைவாக வந்த பெயர். முஸ்லிம்கள் அங்கே நீராடுகிறார்கள். சமணர்களின் பகவதி சூத்திரத்திலும் இந்த ஊற்றைப் பற்றிய பேச்சு உண்டு. மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் அதிக மாசத்தில் இங்கே மேளா கூடுகிறது. 2023இல் ஆவணி பிறக்கும் வரையில் நடந்தது. அந்த மாதம் தேவர்கள் எல்லாரும் இங்கே வந்து தங்குகிறார்களாம், காகங்கள் மட்டும் ஊரை விட்டுப் போய்விடுமாம்.

யுவான் சுவாங் இன்னொன்றும் எழுதி வைத்திருக்கிறார். ஊற்றுவாய்களில் சிங்கத் தலையும் வெள்ளை யானைத் தலையும் செதுக்கியிருந்தார்கள், நாலா திசையிலிருந்தும் நோயாளிகள் வந்து குளித்தார்கள் என்று சொல்லிவிட்டு, முன்பு ஐந்நூறு ஊற்றுக்கள் இருந்தன, இப்போது சில பத்துக்கள்தாம் என்கிறார். ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்பே குறைப்பட்டிருக்கிறார்கள்! இன்று இருபத்திரண்டு குண்டங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அவற்றிலும் சிலவற்றில் நீர்வரத்து சுருங்கிவிட்டது. ஊரைச் சுற்றி விடுதிகளும் ஆழ்குழாய்க் கிணறுகளும் பெருகியதுதான் காரணம் என்று ஊரார் சொல்கிறார்கள். ஊருக்குக் குடிநீர் போதாமல் 2022 நவம்பரில் கங்கை ஜலத்தைக் குழாய் வழியே கொண்டுவந்தார்கள்.

நான் போன அன்று ஸப்ததாரையின் வாய்களில் இரண்டில் நீர் நூலாகத்தான் வந்தது. அவற்றின் கீழே நின்றவர்கள் முதுகை நனைக்கவே வெகு நேரம் பிடித்தது. வரிசை நீண்டதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று பாட்னா வியாபாரி கண்ணைத் திறக்காமலே சொன்னார்.