காமாலைக் குழந்தையும் ஜன்னலோர வெயிலும்

கல்லீரல் பாடம் நடத்தும்போதெல்லாம் ஒரு மாணவராவது என்னிடம் கேட்பதுண்டு: "சார், பிறந்த குழந்தைக்கு எப்படிக் காமாலை வருது? அதுக்குள்ள கல்லீரல் கெட்டுப்போச்சா?"

பெரும்பாலும் கல்லீரல் கெட்டிருக்காது. அதன் சக்திக்கு மீறிய சுமைதான் காரணம். தாய் ஆர்எச் நெகட்டிவ், குழந்தை ஆர்எச் பாசிட்டிவ் என்றால், தாயின் உடல் அந்த ரத்தத்தை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கலாம். தலைப்பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பிள்ளைக்குத்தான் ஆபத்து. அதன் சிவப்பணுக்கள் சிதைந்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி பெருகும். வயிற்றில் இருக்கும்வரை தாயின் கல்லீரலே அதைக் கழித்துவிடும். பிறந்த பிறகு பிஞ்சுக் கல்லீரல் தனியாகத் திணறும். மிஞ்சிய நிறமி மூளையில் படிந்தால் உயிரே போகலாம். பிழைத்தாலும் காது கேளாமை, கைகால் முடக்கம்.

நியூயார்க்கில் லெவினும் ஸ்டெட்சனும் 1939-இல் இந்த முடிச்சின் ஒரு நுனியைப் பிடித்தார்கள். மறு ஆண்டே லாண்ட்ஸ்டெய்னரும் வீனரும் ஆர்எச் காரணியை அறிவித்தார்கள். அப்போது கைவந்த பெரிய வைத்தியம், குழந்தையின் ரத்தத்தையே மாற்றுவது.

1956 கோடையில் இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டம், ராச்ஃபோர்டு மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் பிரிவின் தலைமைச் செவிலியர் வார்டு, குழந்தைகளை முற்றத்து வெயிலில் கொண்டுபோய் வைப்பார். ஒருநாள் ஒரு குழந்தையைத் தயங்கித் தயங்கி மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளிறியிருந்தது. துணி மூடியிருந்த முக்கோணத்தில் மட்டும் அடர் மஞ்சள் அப்படியே இருந்தது. சில வாரம் கழித்து, ஜன்னலோர வெயிலில் கிடந்த ஒரு ரத்த மாதிரியிலும் பிலிருபின் எதிர்பாராமல் குறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்து யோசித்த கிரீமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் ஆகியோர் நீல விளக்குகளைக் கொண்டு சோதித்து, 1958-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். கட்டுரை எழுதியவர்கள் வரிசையில் வார்டின் பெயர் இல்லை. இன்று மருத்துவமனைகளில் நாம் பார்க்கும் நீல விளக்குத் தொட்டிலுக்கு அவர் கண்தான் முதல் வெளிச்சம்.

1968-இல் ஆன்டி-டி ஊசி புழக்கத்துக்கு வந்தது. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்குப் போட்டால், அடுத்த பிள்ளைக்கு வரும் ஆபத்தைப் பெரிதும் தடுக்கலாம். கருக்கலைந்தாலும் இது தேவைப்படலாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்தக் கதையைப் படித்துவிட்டு, "காலை வெயிலில் காட்டினால் போதும்" என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். வெயிலுக்கு அளவு சொல்ல முடியாது, விளக்குக்குச் சொல்லலாம். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால் மருத்துவமனைக்கு ஓடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அவருடைய ரத்த வகையை இன்றே கேட்டு வையுங்கள்.