மையவாடியிலிருந்து டோக்கியோ வரை: ஒரு கூலின் பயணம்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். பயந்த சுபாவம் உள்ளவர்கள் லுஹருக்குப் பிறகு வாசித்தாலும் பரவாயில்லை.

எங்கள் தரம் 10 பிள்ளைகளுக்கு இப்போது ஒரு ஜப்பான் கதையில் பைத்தியம். பெயர் 'டோக்கியோ கூல்'. இஷிடா சுய் என்பவர் 2011இல் படக்கதையாக ஆரம்பித்து, 2014இல் திரைத்தொடராகவும் வந்தது. 'கூல்' என்றால் என்ன என்று கேட்டேன். "ஸ்டைலான ஆள், சேர்" என்றான் ஒருவன். "இல்லை மகன், அது அறபுச் சொல். ஙைன், வாவ், லாம்" என்றேன். நம்பவில்லை. அறபு ஹஸ்ரத்திடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் திரும்பி வந்தான். அவனுக்குச் சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நானும் இந்த வகைக் கதைகளின் பழைய ரசிகன்தான். ஊரில் நாலு வீடு காசு சேர்த்து டெக் எடுத்துப் படம் பார்த்த காலத்திலிருந்து பார்க்கிறேன். ஆனால் இரத்தம் தெறிக்கிற படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. அவற்றைப் பார்த்தால் பயம் வராது, அருவருப்புத்தான் வரும். எனக்குப் பயம் வருவது, பேய் நம் வீட்டுக்குள்ளேயே இருந்து, நம்மோடு ஒரே ஸஹனில் சோறு தின்னும்போதுதான். அப்படிப்பட்ட ஒரு கதை 'ஆயிரத்தொரு இரவுகள்' தொகுப்பில் இருக்கிறது. அலாவுதீனையும் அலிபாபாவையும் தெரிந்த பலருக்கும் அதைத் தெரியாது.

அதற்கு முன் கூலைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய அறபிகளின் கூல் பாலைவனத்தில் இருப்பது. உருவம் மாறும், தனியாகப் போகிறவனை வழிதவறச் செய்யும். எந்த உருவம் எடுத்தாலும் கால் மட்டும் கழுதைக் கால்தானாம். நம்மூரிலும் பேயை அடையாளம் காணக் காலைத்தானே பார்க்கச் சொல்வார்கள்! தஅப்பத ஷர்ரன் என்ற ஜாஹிலிய்யாக் காலக் கவிஞர் தான் ஒரு கூலைக் கொன்றதாகவே பாடி வைத்திருக்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்ஜாஹிழ் இதையெல்லாம் லேசில் நம்பவில்லை. ஆளில்லாத வெளியில் நெடுநாள் தனியாகத் திரிபவனுக்குச் சின்னதும் பெரிதாகத் தெரியும், இல்லாத சத்தமும் கேட்கும், பிறகு அதையே பாட்டாகப் பாடி ஊரை நம்பவைப்பான் என்ற விளக்கத்தை அவர் 'கிதாபுல் ஹயவான்' நூலில் எடுத்து எழுதுகிறார். ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பே! "கூல் இல்லை" என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸும் உண்டு. அப்படி ஒன்றே கிடையாது என்று சில உலமாக்களும், உருமாறி வழிகெடுக்கும் சக்தி அதற்கு இல்லை என்று வேறு சிலரும் விளக்கியிருக்கிறார்கள். கொமெண்டில் அந்தச் சண்டை வேண்டாம், நான் பேசுவது கதையைப் பற்றி.

கதை இதுதான். பாக்தாதில் ஸீதி நுஃமான் என்ற வாலிபன். புது மனைவி ஆமினா. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அவன் கரண்டியால் சோறு சாப்பிடுவான். அவளோ காது குடையும் குச்சி போன்ற ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பருக்கையாகக் கொத்தி வாயில் போடுவாள். வெட்கம் என்று நினைத்தான். நாள் போகப் போகச் சந்தேகம் வந்தது. ஒருநாள் இரவு அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து அவள் எழுந்து வெளியே போகிறாள். இவன் பின்னாலேயே போகிறான். மையவாடிக்குள் நுழைந்து ஒரு கூலோடு உட்கார்கிறாள். அன்று அடக்கிய மையித்தைத் தோண்டி எடுத்து இரண்டு பேருமாகத் தின்கிறார்கள்.

மறுநாள் பகல் மறுபடியும் சோறு, மறுபடியும் அதே குச்சி. எனக்கு மயிர்க்கூச்செறிவது மையவாடியில் இல்லை, இந்த இடத்தில்தான். பகல் வெளிச்சம், எதிரே மனைவி, அவள் ஏன் பசிக்காமல் இருக்கிறாள் என்பது இப்போது அவனுக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லியும் விடுகிறான். அவள் தண்ணீரைத் தெளித்து அவனை நாயாக்கிவிடுகிறாள். பிறகு அவன் மனிதனாக மீண்டு அவளைக் குதிரையாக்கி, தினமும் சவுக்கால் அடித்து ஓட்டுவதும், அதைக் கலீபா ஹாரூன் அல்ரஷீத் பார்த்து விசாரிப்பதும் மிச்சக் கதை. அந்த மிச்சம் எனக்கு அவ்வளவு பிடிக்காது.

'டோக்கியோ கூல்' பார்த்த பிள்ளைகளுக்கு இங்கே ஒன்று பிடிபடும். அதில் வரும் கனெகி என்ற மாணவன், ஒரு கூலின் உறுப்புகள் உடலில் பொருத்தப்பட்ட பிறகு, மனிதச் சாப்பாட்டை வாயில் வைக்க முடியாமல் தவிக்கிறான். கோப்பி மட்டும்தான் இறங்கும். ஆமினாவின் சோற்றுப் பருக்கையும் கனெகியின் கோப்பியும் ஒரே பயத்தின் இரண்டு முகம்.

பாக்தாத் கூல் மேற்கே போன வழியும் தெரிந்ததுதான். அந்துவான் காலன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1704 முதல் பகுதி பகுதியாக 'ஆயிரத்தொரு இரவுகள்' மொழிபெயர்ப்பை வெளியிட்டார். கடைசிப் பகுதிகள் அவர் 1715இல் மரணித்த பிறகு 1717இல் வந்தன. ஐரோப்பா அதை விழுந்து விழுந்து வாசித்தது. 1786இல் பெக்ஃபோர்டின் 'வாதெக்' ஆங்கிலத்தில் வந்தபோது கூலும் கூடவே வந்தது. அமெரிக்காவின் லவ்கிராஃப்ட் சின்ன வயதில் இந்தக் கதைகளில் மயங்கி, தனக்கே 'அப்துல் அல்ஹஸ்ரெட்' என்று பெயர் வைத்துக்கொண்டார். இரண்டு 'அல்' சேர்ந்த அப்படியொரு பெயரை எந்த வாப்பாவும் பிள்ளைக்கு வைக்கமாட்டார்! பிறகு அதே பெயரை, தன் கற்பனையில் உண்டான சூனியக் கிதாபை எழுதிய பைத்தியக்கார அறபிக்கு வைத்தார். 1968இல் ரொமேரோ எடுத்த 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' படத்திலிருந்துதான் இன்றைய ஸோம்பிப் படங்கள் எல்லாம் கிளம்பின. ஆனால் அந்தப் படத்தில் 'ஸோம்பி' என்ற சொல்லே இல்லை. எழுந்துவரும் பிணங்களைக் 'கூல்' என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காலன் கையில் இருந்த பழைய அறபுக் கையெழுத்துப் பிரதியில் ஸீதி நுஃமான் இல்லை. அலாவுதீனும் இல்லை, அலிபாபாவும் இல்லை. அவை அவருக்கு எங்கிருந்து வந்தன?

ஹன்னா தியாப். அலெப்போவைச் சேர்ந்த மரோனைட் கிறிஸ்தவ வாலிபர், வயது இருபதை ஒட்டியிருக்கும். போல் லூக்கா என்ற பிரெஞ்சுப் பயணிக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து 1708இல் பாரிஸ் போனார். அரச நூலகத்தில் வேலை எடுத்துத் தருவதாக லூக்கா வாக்குக் கொடுத்திருந்தார். 1709 மே மாதத்தில் அவர் காலனுக்குக் கதை கதையாகச் சொன்னார். காலன் தன் நாட்குறிப்பில் அவற்றை எழுதி வைத்தார், யார் சொன்னது என்பதையும் எழுதினார். ஆனால் அச்சான புத்தகத்தில் அந்தப் பெயர் எங்கேயும் இல்லை.

தமிழில் முதல் முழுநீளக் கலர்ப் படமான 1956ஆம் ஆண்டு 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை நம் மூத்தவர்கள் எத்தனை முறை பார்த்திருப்பார்கள்? 1979இல் கமலும் ரஜினியும் நடித்த 'அலாவுதீனும் அற்புத விளக்கும்', 1992இல் டிஸ்னியின் நீல ஜின் என்று எத்தனை வந்துவிட்டன. டிஸ்னி ஜின்னைச் சிரிப்பு நடிகனாக்கியது எனக்குப் பிடிக்காது, அது என் சொந்த ருசி. அந்தக் கதை பாரிஸில் யார் வாயிலிருந்து வந்தது என்று நம்மில் ஒருவரும் கேட்டதில்லை.

நூலக வேலை தியாபுக்குக் கிடைக்கவில்லை. ஊர் திரும்பி அலெப்போவில் துணி வியாபாரம் செய்தார். எழுபது தாண்டிய வயதில், 1760களில், அந்தப் பயணத்தைத் தன் கையாலேயே அறபியில் எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி முதல் ஏடுகள் இல்லாமல் வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. அது யாருடையது என்று ஆய்வாளர்கள் கண்டுகொண்டதே 1990களில்தான். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 2015இல் வந்தது.

அதில் 1709ஆம் ஆண்டுக் கொடுங்குளிரில் பாரிஸ் மக்கள் செத்து விழுந்ததை விவரமாக எழுதியிருக்கிறார். பதினான்காம் லூயி மன்னரின் மாளிகைக்குப் போனதையும் எழுதியிருக்கிறார். கதை சொன்ன விஷயம் சில வரிகள்தான்: ஒரு வயதான மனிதர் வந்து போவார், அவருடைய புத்தகத்துக்குச் சில இரவுகள் குறைந்தன, எனக்குத் தெரிந்த கதைகளைச் சொன்னேன், அவருக்கு நல்ல சந்தோஷம் என்ற அளவில். அந்த வயதானவரின் பெயரை அவரும் எழுதவில்லை.