பள்ளி வெயில் காப்புக் கல்வியும் புகை விடுதலும்: ஆஸ்திரேலியாவின் புற்றுநோய்த் தடுப்பு

வெயிலால் வரும் தோல் புற்றுநோயையும் புகையிலையால் வரும் புற்றுநோய்களையும் வருமுன் தடுக்க, 1980களிலிருந்து ஆஸ்திரேலியாவில் நடந்துவரும் பொதுச் சுகாதார முயற்சிகளை இக்கட்டுரை விவரிக்கிறது. விக்டோரியா மாநிலத்தில் இரண்டுக்கும் தாய்வீடு ஒன்றுதான். மெல்பர்னில் இயங்கிய விக்டோரியா புற்றுநோய் எதிர்ப்புக் கழகம்தான் இரண்டையும் முன்னெடுத்தது. இன்று அது விக்டோரியா புற்றுநோய்க் கழகம் எனப்படுகிறது. 1968 முதல் 1995 வரை அதன் இயக்குநராக இருந்த மருத்துவர் நைஜல் கிரே, அறிவுரை சொல்வதோடு நிற்காமல் சட்டம், விலை, விளம்பரம், பள்ளி விதி ஆகியவற்றை மாற்ற அரசுகளோடு விடாமல் வாதாடியவர். இந்த முயற்சிகளின் வலு அங்கேதான் இருக்கிறது.

காரணங்கள்

உலகிலேயே தோல் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படும் நாடுகள் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். ஆஸ்திரேலியர்களில் மூன்றில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதேனும் ஒரு வகைத் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது என்று அங்குள்ள புற்றுநோய்க் கழகங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. பிரிட்டன், அயர்லாந்து போன்ற மங்கிய வெயில் நாடுகளிலிருந்து வந்த வெளிர்நிறத் தோலினர் கடும் வெயில் நாட்டில் குடியேறியது முதற்காரணம். தென்கோளக் கோடையில் பூமி சூரியனுக்குச் சற்றே நெருங்கியிருப்பதும், கடற்கரையில் தோலை வாட்டிப் பொன்னிறமாக்குவதை அழகென்றும் ஆரோக்கியமென்றும் கருதிய பழக்கமும் அதோடு சேர்ந்துகொண்டன. அந்நாட்டின் பூர்வகுடிகளுக்கு இந்நோய் அரிது.

புற ஊதாக் கதிர் தோல் செல்லின் டிஎன்ஏவில் அடுத்தடுத்து நிற்கும் இரு காரங்களைத் தவறாக ஒட்டவைத்துவிடுகிறது. பெரும்பாலான சேதத்தைச் செல் தானே சரிசெய்துகொள்ளும். சரியாகாமல் தங்கிவிடுபவை ஆண்டுக்கணக்கில் சேர்கின்றன. பி53 என்ற காவல் மரபணு கெட்டுப்போனால், பழுதடைந்த செல் சாகாமல் பெருகத் தொடங்குகிறது. புகையிலைப் புகையில் உள்ள பென்சோபைரீன் நுரையீரல் செல்லில் பழுதாக்குவதும் இதே பி53 மரபணுவைத்தான். புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்குபவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகைபிடித்தலை 1986லும் சூரியக் கதிர்வீச்சை 1992லும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உறுதிசெய்து முதற்பிரிவில் சேர்த்தது. இரண்டும் ஒருசேரத் தாக்கும் இடம் கீழுதடு. வயலிலும் கடலிலும் வெயிலில் உழைத்தபடி புகைத்த ஆண்களிடம் உதட்டுப் புற்றுநோய் மிகுந்திருந்தது இதனால்தான்.

சிட் என்ற கடற்காகம்

1981இல் விக்டோரியா கழகம் தொலைக்காட்சியில் ஒரு கேலிச்சித்திர விளம்பரத்தை வெளியிட்டது. சிட் என்ற கடற்காகம் ஆடிப் பாடி, சட்டையைப் போடு, களிம்பைப் பூசு, தொப்பியை வை என மூன்றே கட்டளைகளைச் சொன்னது. ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப் என்ற அந்த முழக்கம் குழந்தைகள் வாயில் எளிதாக உட்கார்ந்தது. நிழலைத் தேடு, கறுப்புக் கண்ணாடியை அணி என்ற இரண்டும் 2007இல் கூடின. 1988இல் அந்த விளம்பரத்தின் தொடர்ச்சியாக சன்ஸ்மார்ட் திட்டம் பிறந்தது. விளம்பரத்தைத் தாண்டிப் பள்ளி, பணியிடம், நீச்சல் குளம், உள்ளாட்சி என அது விரிந்தது.

பள்ளிகளில்

வாழ்நாளில் தோல் வாங்கும் கதிரில் கணிசமான பங்கு குழந்தைப் பருவத்திலேயே வந்து சேர்கிறது. சிறுவயதில் கொப்புளம் வருமளவு வெயில் சுட்டவர்களுக்குப் பிற்காலத்தில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. கதிர் உச்சத்தில் இருக்கும் நடுப்பகல் நேரத்தில் பிள்ளைகள் இருப்பது பள்ளி மைதானத்தில். ஆகவே பள்ளியே முதல் களமாயிற்று. விக்டோரியாவில் 1994இல் தொடக்கப் பள்ளிகளுக்கென ஏற்பளிப்பு முறை வந்தது. 1998இல் அது நாடு தழுவியதாயிற்று. விதிமுறைகளை எழுத்தில் வகுத்து நடைமுறைப்படுத்தும் பள்ளிக்கு சன்ஸ்மார்ட் பள்ளி என்ற பெயர்ப்பலகை கிடைக்கும்.

இவற்றில் மிகவும் பேர்பெற்றது தொப்பி விதி. தொப்பி கொண்டுவராத பிள்ளைக்கு அன்று மைதானத்தில் விளையாட்டு கிடையாது. நிழலில்தான் இருக்க வேண்டும். எந்தத் தொப்பி என்பதையும் விதி சொல்கிறது. அகன்ற விளிம்புள்ளதாகவோ, வாளி வடிவிலோ, பின்கழுத்தில் துணி தொங்குவதாகவோ இருக்க வேண்டும். கிரிக்கெட் ரசிகர்கள் போடும் முன்விளிம்புத் தொப்பி ஏற்கப்படாது. காதும் கழுத்தும் அதில் திறந்தே கிடக்கும். சீருடைக்குக் கழுத்துப்பட்டியும் முழங்கை வரை கையும் வேண்டும். களிம்பை வெளியே போவதற்கு 20 நிமிடம் முன்பு பூசி, இரண்டு மணிக்கொருமுறை மறுபடி பூச வேண்டும். இளம்பிள்ளைகள் ஆசிரியர் முன்னிலையில் தாங்களே பூசிப் பழகுகிறார்கள். விளையாட்டு விழாக்கள் காலைப் பொழுதுக்கு மாறின. மைதானங்களில் மரங்களும் துணிப் பந்தல்களும் எழுந்தன. விக்டோரியா அரசு இதற்கு மானியம் தந்தது. ஆசிரியரும் தொப்பி அணிந்தே மைதானத்துக்கு வரவேண்டும் என்பதை நான் இவற்றில் முதன்மையானதாகக் கருதுவேன். வெறுந்தலையோடு நிற்கும் ஆசிரியரின் சொல் எந்தப் பிள்ளையிடமும் எடுபடாது.

இவ்விதிகள் ஆண்டு முழுதும் பொருந்துவனவல்ல. கதிரின் கடுமையை அளக்கும் புற ஊதாக் குறியீடு 3ஐத் தொடும் நாள்களில் மட்டுமே பாதுகாப்பு தேவை. விக்டோரியாவில் அது ஏறத்தாழ ஆகஸ்டு நடுவிலிருந்து ஏப்ரல் முடிய. இங்கே குழந்தைகள் கற்கும் அறிவியல் மிக எளியது, ஆனால் பெரியவர்களும் தவறவிடுவது: புற ஊதாக் கதிரைக் கண் காணாது, உடல் உணராது. குளிர்ந்த மேகமூட்ட நாளிலும் குறியீடு உயர்ந்திருக்கலாம். பொழுது சுடுகிறதா என்று பார்க்காமல் குறியீட்டைப் பார்க்கும் பழக்கத்தை இத்திட்டம் ஒரு தலைமுறைக்கே கற்றுத்தந்தது.

உயர்நிலைப் பள்ளியில் இந்த வெற்றி தேய்கிறது. பதின்வயதினர் தொப்பியை உதறிவிடுகிறார்கள். விதியை வலியுறுத்தும் பள்ளிகளும் அங்கே குறைவு.

தோல் நிறமும் விதியும்

இன்று ஆஸ்திரேலியப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். தொப்பி விதி அவர்களுக்கும் உண்டு. கருநிறமி மிகுந்த தோலுக்கு வெயிலால் புற்றுநோய் வரும் ஆபத்து மிகக் குறைவு. அதேவேளை, அத்தோல் வைட்டமின் டி தயாரிக்கக் கூடுதல் நேரம் வெயிலில் இருக்க வேண்டும். இதை ஒப்புக்கொண்டு, 2024இல் ஆஸ்திரேலியத் தோல் புற்றுநோய் வல்லுநர்கள் வெளியிட்ட வழிகாட்டல் மக்களை ஆபத்தின் அளவுக்கேற்ப மூன்று வகையாகப் பிரித்தது. அடர்நிறத் தோலினருக்கு அன்றாட வெயில் காப்பு பொதுவாகத் தேவையில்லை என்றும் அது கூறியது. கண்ணுக்கு இந்தச் சலுகை இல்லை. கண்புரையில் வெயிலின் பங்கு எல்லா நிறத்தாருக்கும் உண்டு. உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும் ஒரு வகை மெலனோமா வெயிலோடு தொடர்பில்லாதது, கருநிறத்தாரையும் தாக்குவது. அங்கே புதிதாக ஒரு கரும்புள்ளி தோன்றினால் மருத்துவரிடம் காட்டத் தயங்கக் கூடாது.

பலன்கள்

சன்ஸ்மார்ட் காலத்தில் வளர்ந்த தலைமுறையில், அதாவது 40 வயதுக்குட்பட்டோரிடம், மெலனோமா விகிதம் இறங்கியுள்ளது. இளமையில் பாதுகாப்பின்றி வெயிலில் வளர்ந்த முதியவர்களிடம் அது தொடர்ந்து ஏறியது. களிம்பின் பயனுக்கு வலுவான சான்று குயின்ஸ்லாந்தின் நம்பூர் ஊரில் கிடைத்தது. ஆய்வாளர் ஆடெல் கிரீன் தலைமையில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரிடம் ஆய்வு நடந்தது. நாள்தோறும் களிம்பு பூசியோருக்குச் செதிள் செல் தோல் புற்றுநோய் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. ஆய்வு முடிந்து பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, அவர்களில் 11 பேருக்கு மெலனோமா. விருப்பம்போல் பூசிய மற்றப் பிரிவில் 22 பேருக்கு. செயற்கையாகத் தோலை வாட்டும் சோலேரியம் கடைகளைப் பெரும்பாலான மாநிலங்கள் 2015 தொடக்கத்திலிருந்து தடைசெய்தன.

புகையிலை

வெயிலை யாரும் விற்பதில்லை. சிகரெட்டை விற்கப் பெரும் நிறுவனங்கள் இருக்கின்றன. எனவே இங்கே போராட்டம் கடுமையானது. 1976இல் வானொலி, தொலைக்காட்சி விளம்பரம் நின்றதும் நிறுவனங்கள் விளையாட்டுப் போட்டிகளுக்குப் பணம் கொடுத்துப் பெயரை நிலைநாட்டின. 1987இல் விக்டோரியா இயற்றிய புகையிலைச் சட்டம் இதற்கு நுட்பமான விடை கண்டது. புகையிலை விற்பனை மீது 5 விழுக்காடு தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் விக்ஹெல்த் என்ற அறக்கட்டளையை நிறுவியது. உலகில் இத்தகைய முதல் அமைப்பு அதுவே. சிகரெட் நிறுவனம் கொடுத்த தொகையை விளையாட்டுக் கழகங்களுக்கு அறக்கட்டளையே கொடுத்து, அவற்றை விடுவித்தது. சன்ஸ்மார்ட் திட்டத்துக்கும், 1985இல் தொடங்கிய க்விட் என்ற புகைவிடுப்புத் திட்டத்துக்கும் நிதி வந்தது இதே கைவழியில்.

2012 டிசம்பர் 1 முதல் எல்லாச் சிகரெட் பெட்டிகளும் மங்கிய பழுப்புநிறத்தில், சின்னமின்றி, முன்பக்கத்தில் 75 விழுக்காடும் பின்பக்கத்தில் 90 விழுக்காடும் எச்சரிக்கைப் படங்களுடன் வரவேண்டும் என்றாயிற்று. உலகில் முதன்முறையாக நடந்த இந்த மாற்றத்தை எதிர்த்து நிறுவனங்கள் உயர் நீதிமன்றத்திலும் பன்னாட்டு நடுவர் மன்றத்திலும் போராடித் தோற்றன. 1991இல் 14 வயதுக்கு மேற்பட்டோரில் 24 விழுக்காட்டினர் நாள்தோறும் புகைத்தார்கள்; 2022–23இல் அது 8.3 ஆனது. 2015 ஏப்ரல் முதல் விக்டோரியாவில் பள்ளி வளாகத்தில் மட்டுமன்றி, வாயிலிலிருந்து 4 மீட்டருக்குள்ளும் புகைக்கத் தடை உண்டு.

வகுப்பறைப் பாடம் மட்டும் போதுமா என்ற கேள்விக்குத் தெளிவான விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் 40 பள்ளி மாவட்டங்களில் பாதியில், மூன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை புகைக்கு எதிரான பாடங்கள் கவனமாக நடத்தப்பட்டன. 2000இல் முடிவு வெளியானபோது, பாடம் கற்றவர்களுக்கும் கற்காதவர்களுக்கும் புகைப்பதில் வேறுபாடே காணப்படவில்லை. வீட்டில் அப்பா புகைத்து, கடையில் சிகரெட் மலிவாகக் கிடைத்தால் பாடம் தனியே நின்று வெல்லாது. பிள்ளை புகைக்காதிருக்கப் பெற்றோர் புகையை விடுவதும் விலை ஏறுவதும் பாடத்தைவிட வலியவை. மின்சிகரெட் பழக்கம் மாணவர்களிடம் வேகமாகப் பரவியபின், ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அதன் விற்பனையை மருந்தகங்களுக்குள் அடக்கியது. இன்னொரு பக்கம், உயர்ந்த வரியால் கள்ளச் சந்தை பெருத்துவிட்டது. அமலாக்கம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

விடுவதன் பயன்

புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் நிறுவிய பிரிட்டானியர்கள் ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில். அவர்கள் 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆய்வு 50 ஆண்டு நீண்டது. 30 வயதில் புகையை விட்டவர் சுமார் 10 ஆண்டு ஆயுளைத் திரும்பப் பெறுகிறார். 40இல் 9, 50இல் 6, 60இல் 3 என்று 2004இல் அது காட்டியது. வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன் என்போருக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

மனவுறுதியை மட்டும் நம்பி விடுவோரில் பலர் சில வாரங்களில் திரும்பிவிடுகிறார்கள். நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம், வாரெனிக்லின் மாத்திரை ஆகியவை வெற்றி வாய்ப்பைக் கூட்டுகின்றன. பயிற்சி பெற்றவரின் தொலைபேசி ஆலோசனையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. க்விட்லைன் என்ற ஆஸ்திரேலியச் சேவையில் ஆலோசகர் முதல் அழைப்போடு நிறுத்துவதில்லை. விடும் நாளைக் குறித்துக்கொண்டு, ஏக்கம் கடுமையாக இருக்கும் முதல் வாரங்களில் அவரே திரும்ப அழைக்கிறார். புற்றுநோய் கண்டறியப்பட்ட பிறகு புகையை விடுவதும் பலன் தருகிறது. அறுவைக் காயம் நன்றாக ஆறும், கதிர்ச் சிகிச்சை கூடுதலாகப் பலிக்கும்.