பெற்றோரின் குரலை அளத்தல்: குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை வரலாற்றில் ஓர் இயல்

மருத்துவ வரலாறு என்றதும் நாம் பெரும்பாலும் மருந்துகளையும் கருவிகளையும் அவற்றைக் கண்டறிந்த அறிஞர்களையும் நினைவுகூர்கிறோம். நோயாளியின் படுக்கையருகே நின்றவர்களின் வரலாறு அவ்வளவாக எழுதப்படுவதில்லை. உயிருக்குப் போராடும் குழந்தையின் பெற்றோர் மருத்துவமனையில் எங்கே நிறுத்தப்பட்டனர், அவர்களிடம் எப்போது கருத்துக் கேட்கப்பட்டது, அக்கருத்து எவ்வாறு எண்ணாக மாற்றப்பட்டது என்பனவே இவ்வுரையின் பொருள். இது மருத்துவத் துறைக்கு மட்டுமே உரியதாகத் தோன்றலாம். ஆயினும் மனநிறைவை அளக்கும் கோல் சொற்களால் ஆனது. சொல் பிழைத்தால் அளவும் பிழைக்கும். ஆகவே மொழி பயில்வோரும் பயிற்றுவிப்போரும் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

வாயிலுக்கு வெளியே

இலண்டனில் குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை ஒன்று 1852ஆம் ஆண்டில், சார்லஸ் வெஸ்ட் என்னும் மருத்துவரின் முயற்சியால், கிரேட் ஆர்மண்ட் தெருவில் 10 படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது. அதன்பின் நூறாண்டுக் காலத்தில் குழந்தை மருத்துவம் பெரிதும் வளர்ந்தது. ஆனால் பெற்றோரின் நிலை அவ்வாறு வளரவில்லை. 1949இல் இலண்டன் மருத்துவமனைகளின் பார்வை நேரங்களைத் தொகுத்த ஒரு கணக்கெடுப்பு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை மட்டுமே பெற்றோர் வரலாம். இன்னொன்றில் முதல் மாதம் முழுவதும் சந்திப்பு இல்லை. மாலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையே, உறங்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டுச் செல்ல மட்டும் இசைவு உண்டு.

இவ்விதிகளை வகுத்தவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். வெளியிலிருந்து வருவோரால் தொற்று பரவும் என்று அஞ்சினர். பெற்றோர் வந்து திரும்பும்போதெல்லாம் குழந்தை அழுததையும், நாளடைவில் அந்த அழுகை ஓய்ந்ததையும் கண்டனர். ஓய்ந்த குழந்தை மருத்துவமனைக்குப் பழகிவிட்டது என்று பொருள் கொண்டனர். அப்பொருள் சரியானதா என்று அவர்கள் பெற்றோரிடம் கேட்கவில்லை. விதிவிலக்குகளும் இருந்தன. நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்னும் மருத்துவர் 1920களிலேயே தாய்மாரையும் பிள்ளையுடன் மருத்துவமனையில் தங்கச் செய்தார். அவர் வழியைப் பின்பற்றியோர் மிகச் சிலரே.

1952ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள்

1952ஆம் ஆண்டில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு நிகழ்ச்சிகள் நடந்தன. நம் பொருளுக்கு இரண்டுமே வேர்கள்.

முதல் நிகழ்ச்சி டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் நடந்தது. அவ்வாண்டு அங்கே இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நிலையில் முதல் மூன்று வாரங்களில் சேர்க்கப்பட்ட 31 நோயாளிகளுள் 27 பேர் இறந்தனர். மயக்க மருந்தியல் வல்லுநரான பியோர்ன் இப்சன், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, கையால் பையை அழுத்திக் காற்றுச் செலுத்தி அவள் உயிரைக் காத்தார். இம்முறையை எல்லா நோயாளிகளுக்கும் விரிவாக்கியபோது, ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாகப் படுக்கையருகே அமர்ந்து பையை அழுத்தினர். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் கருத்து இதிலிருந்தே உருப்பெற்றது. 1955இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் குழந்தைகளுக்கெனத் தனித் தீவிர சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. 1967இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலும் அத்தகைய பிரிவு அமைந்தது.

இரண்டாம் நிகழ்ச்சி இலண்டனில் நடந்தது. டேவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில் ஜான் பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் எட்டு நாள்கள் தங்கிய இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றைப் படம்பிடித்து வெளியிட்டார். பிரிந்த குழந்தை முதலில் எதிர்க்கிறது, அடுத்து நம்பிக்கை இழக்கிறது, இறுதியில் பற்றை அறுத்துக்கொள்கிறது என்று அவர் விளக்கினார். எனவே, பழகிவிட்டதாகக் கருதப்பட்ட அமைதி, உண்மையில் குழந்தை நம்பிக்கை இழந்ததன் அடையாளமாக இருக்கலாம் என்றாயிற்று. படத்தை முதலில் பார்த்த மருத்துவர்கள் பலர் சினந்தனர். ஆயினும் ஏழாண்டுகளுக்குப் பின், 1959இல், பிரிட்டிஷ் அரசுக்காக ஹாரி பிளாட் தலைமையிலான குழு அளித்த அறிக்கை, பார்வை நேரக் கட்டுப்பாடுகளை நீக்கவும் சிறு குழந்தைகளின் தாய்மார் உடன்தங்கவும் பரிந்துரைத்தது. அறிக்கை வந்தும் நடைமுறை மெல்லவே மாறியது. 1961இல் இலண்டன் தாய்மார் சிலர் அமைப்பாகத் திரண்டு, பரிந்துரைகளை நிறைவேற்றுமாறு மருத்துவமனைகளை வலியுறுத்தத் தொடங்கினர். 1988இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வகுக்கப்பட்ட பத்து அம்சச் சாசனம், மருத்துவமனையில் எந்நேரமும் பெற்றோர் உடனிருப்பதைக் குழந்தையின் உரிமையாகவே அறிவித்தது.

உடனிருத்தலிலிருந்து கருத்துரைத்தலுக்கு

உள்ளே வர இசைவு கிடைத்ததாலேயே ஒருவருடைய கருத்து மதிக்கப்பட்டுவிடாது. அதற்கு மருத்துவத்தின் தரம் என்பது யாது என்னும் வினா எழவேண்டியிருந்தது. 1966இல் அவேதிஸ் டொனபேடியன் என்னும் அறிஞர், மருத்துவத் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்றாகப் பகுத்தார். நோயாளியின் மனநிறைவும் மருத்துவத்தின் விளைவுகளுள் ஒன்று என்பது அவர் கருத்து. மனநிறைவு மரியாதைக்காகக் கேட்கப்படும் செய்தியாக இருந்த நிலை மாறி, தரத்தின் ஒரு கூறாக உயர்ந்தது.

இதன்பின் தாதியரே இத்துறையை முன்னெடுத்தனர் என்பது கருதத்தக்கது. 1979இல் நான்சி மோல்ட்டர், தீவிர சிகிச்சை பெறுவோரின் உறவினர்களுக்கு 45 தேவைகளைப் பட்டியலிட்டு, அவை எவ்வளவு முக்கியம் என்று கேட்டார். நம்பிக்கைக்கு இடமுண்டு என்னும் உணர்வே முதலிடம் பெற்றது. 1980களின் தொடக்கத்தில் மார்கரெட் மைல்ஸ், மெல்பா கார்ட்டர் ஆகியோர் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றோர் படும் மனவழுத்தத்தை அளக்கும் வினாநிரலை உருவாக்கினர். கருவிகளின் ஒலியும் குழாய்கள் பொருத்திய பிள்ளையின் தோற்றமும் பெற்றோரை வருத்துவது இயல்பே. ஆனால் அவ்வினாநிரலைப் பயன்படுத்திய ஆய்வுகளில், பிள்ளையைத் தூக்கவும் உணவூட்டவும் தேற்றவும் முடியாமல் பெற்றோர் என்னும் நிலையையே இழந்து நிற்பதுதான் பெருந்துன்பமாக மீண்டும் மீண்டும் வெளிப்பட்டது. கேட்டிராவிடில் இதனை யாரும் அறிந்திருக்க முடியாது.

மனநிறைவை நேரடியாக அளக்கும் முயற்சிகளுள் இன்று பரவலாக அறியப்படுவது நெதர்லாந்தில் உருவான 'எம்பத்திக்' வினாநிரல். தாதியரும் ஆய்வாளருமான யோஸ் லாட்டூர், அந்நாட்டின் எட்டுப் பல்கலைக்கழக மருத்துவமனைகளின் துணையோடு இதனை வகுத்தார். தகவல், பராமரிப்பும் சிகிச்சையும், பெற்றோரின் பங்கேற்பு, அமைப்பு ஒழுங்கு, பணியாளரின் மனப்பாங்கு என ஐந்து பகுதிகளில் 65 கூற்றுகள் அதில் இடம்பெற்றன. 2013இல் அது 30 கூற்றுகளாகச் சுருக்கப்பட்டது. இரவெல்லாம் கண்விழித்த தாயொருத்தி 65 கூற்றுகளைப் படித்து விடையளிப்பது எளிதன்று. ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பிட வேண்டும். ஆறு இரட்டை எண் ஆதலால் நடுப்புள்ளி இல்லை. இசைகிறோமா மறுக்கிறோமா என்று ஒரு பக்கம் சாய்ந்தே ஆகவேண்டும்.

எண்கள் சொல்லாதவை

இத்தகைய அளவீடுகளில் மதிப்பெண்கள் பெரும்பாலும் உச்சத்தையே ஒட்டி நிற்கின்றன. பிள்ளை உயிர்பிழைத்து வீடு திரும்பினால், நன்றியுணர்வு ஏனைய குறைகளை மறைத்துவிடுகிறது. மீண்டும் இதே மருத்துவமனைக்கு வர நேருமே என்னும் தயக்கமும் உண்டு. எதிர்பார்ப்புக் குறைந்தவர் குறைந்த கவனிப்பிலும் நிறைவடைவார். ஆகவே, 'நிறைவாக இருந்ததா?' என்று கேட்பதைவிட, 'நடந்தது என்ன?' என்று கேட்பது மேல் என்னும் கருத்து 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வலுப்பெற்றது. மருத்துவர் நாள்தோறும் உங்களிடம் பேசினாரா, பிள்ளைக்கு ஊசி போடுமுன் காரணம் சொல்லப்பட்டதா என்பன போன்ற வினாக்களுக்கு நன்றியுணர்வின் குறுக்கீடு குறைவு.

இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. பிள்ளையை இழந்த பெற்றோரைப் பல ஆய்வுகள் விலக்கிவைத்தன. புண்பட்டவரை மேலும் புண்படுத்தலாகாது என்னும் அக்கறையே அதற்குக் காரணம். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் பண்பு மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுவது குழந்தையின் இறுதி நாள்களிலேயே. அந்நாள்களைக் கண்டவர்களை விட்டுவிட்டுத் தரத்தைக் கணித்தால், கிடைக்கும் எண் உண்மையைவிட உயர்ந்தே நிற்கும். உரிய இடைவெளி விட்டு, மறுக்கும் உரிமையை முன்வைத்து, கனிவான சொற்களால் அவர்களையும் கேட்பதே முறை என்று நாம் கருதுகிறோம்.

பெற்ற இடம் நிலையானதன்று என்பதையும் வரலாறு காட்டியது. 2020இல் கோவிட்-19 பரவியபோது, உலகின் பல மருத்துவமனைகள் பெற்றோருள் ஒருவரை மட்டுமே உள்ளே விட்டன. தொற்றச்சம் என்னும் பழைய காரணம் இம்முறை உண்மையிலேயே வலுவுடையதாக இருந்தது. ஆயினும், பிரிவின் விலையை எடுத்துச்சொல்லும் ஆய்வுகள் கையில் இருந்தமையால், அவ்விதியை மறுபரிசீலனை செய்யக் கோர முடிந்தது.

தமிழில் கேட்டல்

சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. மலேசியாவிலும் தமிழே பேசும் இல்லங்கள் பல உள்ளன. பிள்ளையின் படுக்கையருகே இருப்பவர் தமிழில் மட்டுமே தம் மனத்தைத் திறக்கக்கூடிய பாட்டியாகவும் இருக்கலாம். அவரைக் கேட்பதற்கு வினாநிரலைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதாது. ஒருவர் தமிழாக்க, மூலத்தை அறியாத இன்னொருவர் அதனை மீண்டும் மூலமொழிக்குக் கொண்டுசெல்ல, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தி, பின்னர்ப் பெற்றோர் சிலரிடம் படித்துக்காட்டி அவர்கள் கொண்ட பொருளைக் கேட்டறிவதே ஆய்வுலகின் முறை.

நம் மொழிக்கே உரிய சில சிக்கல்களை எண்ணிப்பார்ப்போம். 'எப்படி இருந்தது?' என்று கேட்டால் நம்மவர் பலரும் 'பரவாயில்லை' என்பர். ஓரளவு நன்று என்பதும் அச்சொல்லின் பொருள். குறையைப் பொறுத்துக்கொண்டோம் என்பதும் அதன் பொருள். ஆறு புள்ளி அளவுகோலில் அதனை எங்கே வைப்பது? 'உங்களிடம் எதுவும் மறைக்கப்படவில்லையே?' என்று எதிர்மறையில் வினவினால், 'ஆமாம்' என்பவரும் 'இல்லை' என்பவரும் ஒரே கருத்தைச் சொல்லலாம். 'போதிய தகவல் வழங்கப்பட்டது' என்னும் செயப்பாட்டு வாக்கியம், வழங்கியவர் மருத்துவரா தாதியா என்பதைச் சொல்லாமல் விடுகிறது. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தொலைவு, களைத்திருக்கும் மனத்திற்கு மேலும் ஒரு சுமை.

இவை மருத்துவர் மட்டும் தீர்க்கக்கூடிய சிக்கல்கள் அல்ல. சொல்லின் நுட்பம் அறிந்த ஆசிரியரும், இருமொழிப் புலமை பெற்ற மாணவரும் இவற்றில் பங்காற்ற இயலும். வகுப்பறையில் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு இத்தகைய வினாக்களை எடுத்துக்கொண்டு, வீட்டுப் பெரியவர்களிடம் படித்துக்காட்டி, அவர்கள் புரிந்துகொண்டதைக் குறித்துவருமாறு மாணவரைப் பணிக்கலாம். உறங்கும் பிள்ளையை ஒரு மணி நேரம் பார்த்துச் செல்ல மட்டுமே இசைவு பெற்றிருந்த பெற்றோரிடம், இன்று மருத்துவமனை தன் தரத்தைப் பற்றியே கருத்துக் கேட்கிறது. அவ்வினா அவர்களுக்கு விளங்கும் தமிழில் அமைய வேண்டும்; அவ்வாறு அமைக்கும் பொறுப்பில் மொழியறிந்த நமக்கும் பங்குண்டு.