கொழுப்பு தடவிய தோட்டாவும் ஒரு டெஸ்டிங் ரிப்போர்ட்டும்

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செஞ்ச ரெண்டு மார்க் கேள்வி ஒண்ணு. 1857 புரட்சிக்கு உடனடிக் காரணம் யாது? பதில்: பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாக்கள். எழுதினோம், மார்க் வாங்கினோம், மறந்துட்டோம். தோட்டாவில் எதுக்குய்யா கொழுப்பைத் தடவணும்னு நானும் கேட்கல, சாரும் சொல்லல.

போன மாசம்தான் பதில் கிடைச்சது. அதுவும் எங்க பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பக்கம் டீக்கடையில். ஆபீஸ் நண்பன் ஒருத்தன் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போறவன் (லைசென்ஸ் எல்லாம் முறையா இருக்கு, பயப்படாதீங்க). புதுசா ஒரு .22 டார்கெட் ரைபிள் வாங்கியிருக்கான். துப்பாக்கி வாங்கின சந்தோஷமே முகத்துல இல்ல. பயிற்சிக்கு எந்தத் தோட்டா வாங்கறதுன்னு ஒரே குழப்பம். 50 மீட்டர் தூரத்துல பத்து மார்க் வட்டத்தோட விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. ஒரு துப்பாக்கிக்கு ஒத்துவர்ற தோட்டா இன்னொண்ணுக்கு ஒத்துவராது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனா லாட் நம்பர் மாறினா குண்டு விழற இடமும் கொஞ்சம் சிதறுமாம். அதனால பல லாட்டுகளை வாங்கி, துப்பாக்கியைப் பிடிமானத்தில் இறுக்கி, பத்துப் பத்தா சுட்டுப் பார்த்து, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமா விழுதுன்னு அளந்துதான் முடிவு பண்றாங்க.

போட்டிக்கு விலை உசந்த தோட்டா, தினப் பயிற்சிக்கு விலை குறைஞ்சது. கடைசியா அவன் சொன்னதுதான் என்னை உட்கார வெச்சது. "ரெண்டுலயும் ஒரே கிரீஸ் இருக்கணும்டா. கிரீஸ் மாறினா, பேரல் அதுக்குப் பழகறதுக்குள்ள பல ரவுண்டு வீணாப் போயிடும்."

கிரீஸா? தோட்டாவிலயா?

ஆமாம். .22 தோட்டாவின் ஈயக்குண்டு மேல இன்னைக்கும் மெல்லிசா ஒரு மெழுகோ கிரீஸோ பூசித்தான் வருது. ஈயம் மெத்தென்ற உலோகம். வெறுமனே சுட்டா குழலுக்குள்ள ஒட்டிக்கும். தேன்மெழுகோடு விலங்குக் கொழுப்பு கலந்து பூசின வகைகளும் உண்டு. எனக்கு உடனே அந்த ரெண்டு மார்க் கேள்வி ஞாபகம் வந்துடுச்சு. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பிச்சவன் ரெண்டு வாரம் நிறுத்தல.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கம்பெனிச் சிப்பாய்கள் அதுவரைக்கும் வெச்சிருந்தது பிரௌன் பெஸ் வகைத் துப்பாக்கி. குழல் உள்ளே வழவழன்னு இருக்கும். குண்டு குழலைவிடச் சின்னது, போட்டா தானா உள்ளே உருண்டு போயிடும். சுட்டா எங்கேயோ போகும். நூறு கஜத்துக்கு மேல குறி வைக்கறது சாமி மேல பாரத்தைப் போடற கதைதான். 1853ல இங்கிலாந்து கொண்டு வந்த என்பீல்டு ரைபிள் வேற ஜாதி. .577 அங்குலக் குழல், உள்ளே திருகலா மூணு வரிப்பள்ளம். குண்டு சுழன்றுகிட்டே போகும். நீளமான வகையில 900 கஜம் வரைக்கும் குறிபார்க்கிற ஏணி மாதிரி பட்டை இருந்தது.

தோட்டாங்கறது அன்னைக்கு ஒரு காகிதக் குழாய். ஒரு பக்கம் வெடிமருந்து, இன்னொரு பக்கம் குண்டு. சிப்பாய் காகித நுனியைப் பல்லால கடிச்சுக் கிழிக்கணும். மருந்தைக் குழலுக்குள்ள கொட்டணும். அப்புறம் காகிதம் சுத்தின குண்டை வாயில் வெச்சு கம்பியால இடிச்சு உள்ளே தள்ளணும். இங்கே "வாய்" துப்பாக்கியோட வாய். கடிக்கறதுக்குச் சிப்பாயோட வாய். குண்டு இறுக்கமா இருக்கணும், அதே சமயம் சுலபமா வழுக்கிட்டும் போகணும். கருமருந்துப் புகைக்கரியும் பிசுபிசுன்னு ஒட்டும். அதுக்குத்தான் குண்டைச் சுத்தின காகிதத்துல கொழுப்பு.

ஆக, கொழுப்பு என்பது கொழுப்பெடுத்து வெச்ச விஷயமில்ல. இன்ஜினியரிங் தேவை. பிரச்சினை, எந்தக் கொழுப்பு என்கிற ஒரே ஒரு வரி.

இந்த இடம்தான் என்னைத் தூங்க விடல. 1853லயே இந்தத் தோட்டாக்களை டெஸ்டிங்குக்கு இந்தியா அனுப்பினாங்க. எதை டெஸ்ட் பண்ண? இந்திய வெயில்ல கொழுப்பு உருகுதான்னு. கல்கத்தா, கான்பூர், ரங்கூன்னு மூணு இடத்துல சிப்பாய்கள் பையில் போட்டு மாசக்கணக்கா சுமந்தாங்க. பிறகு அறிக்கையோட திரும்ப அனுப்பிட்டாங்க. சிப்பாய்கள் கையில கொழுப்புத் தோட்டா இருந்தது, யாரும் கலகம் பண்ணல. டெஸ்ட் பாஸ்!

அதே 1853 டிசம்பர்ல வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரல், கர்னல் ஹென்றி டக்கர், ராணுவ போர்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தக் கொழுப்பு சிப்பாய்களோட ஜாதி, மத உணர்வைப் புண்படுத்தாத பொருள்தான்னு நிச்சயமாத் தெரியாத வரைக்கும், இதை ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மட்டும் கொடுங்க என்பது அதன் சாரம். பிரச்சினை வெடிக்க மூணு வருஷத்துக்கு முன்னாடி, சரியான மேஜைக்கு, எழுத்துல போன எச்சரிக்கை. நடவடிக்கை? பூஜ்யம்.

சாப்ட்வேர்ல குப்பை கொட்டற யாருக்கும் இது புதுசில்ல. நான் முன்னாடி இருந்த இடத்துல ஒரு பக்-ஐ நான்தான் முதல்ல பார்த்தேன், மெயிலும் போட்டேன். ஒரு மெயில். பதில் வரல. நான் மறுபடி கேட்கல. மூணு மாசம் கழிச்சு அது கஸ்டமர் இடத்துல வெடிச்சப்போ "நான் அன்னைக்கே சொன்னேனே"ன்னு அந்த மெயிலைக் காட்டித் தப்பிச்சேன். அப்போ அது சாமர்த்தியமாத் தெரிஞ்சது. டக்கரைப் படிச்சப்போ அப்படித் தெரியல.

1856ல இந்தத் தோட்டாக்கள் இந்தியாவிலயே தயாராக ஆரம்பிச்சது. கொழுப்பு சப்ளை செய்யற ஒப்பந்தத்துல எந்த விலங்குன்னு யாரும் குறிப்பிடல. டம்டம், அம்பாலா, சியால்கோட்னு மூணு பயிற்சி மையம் திறந்து, ஒவ்வொரு படைப்பிரிவிலிருந்தும் சில பேரைப் புது ரைபிளுக்குப் பழக்கக் கூப்பிட்டாங்க. 1857 ஜனவரியில் டம்டம்ல வேலை செஞ்ச ஒரு தாழ்த்தப்பட்ட தொழிலாளி மூலமா கொழுப்பு விஷயம் ஒரு பிராமணச் சிப்பாய் காதுக்குப் போச்சு. அதிகாரி கேப்டன் ரைட் ஜனவரி 22ஆம் தேதியே மேலே எழுதிட்டார். இந்த முறை அரசாங்கம் தூங்கல. ஐந்தே நாள்ல உத்தரவு: கொழுப்பு தடவாம கொடுங்க, அவங்களுக்குப் பிடிச்ச கலவையை அவங்களே தடவிக்கட்டும்.

நல்ல முடிவுதானே? ஆனா மூணு வருஷம் லேட். மாத்தினதே சந்தேகத்துக்கு உரம் ஆயிடுச்சு. தப்பு இல்லேன்னா ஏன் மாத்தறான்? கொழுப்புப் பிரச்சினை காகிதப் பிரச்சினை ஆச்சு. பளபளன்னு இருக்கே, இதுலயும் ஏதோ கலந்திருக்குன்னு பேச்சு. பிப்ரவரி 26ல பெர்ஹாம்பூர்ல 19ஆம் படைப்பிரிவு மறுநாள் பயிற்சியை மறுத்தது. கொடுத்தது பழைய மாதிரி வெற்றுத் தோட்டா. ஆனா காகிதம் ரெண்டு நிறத்துல இருந்ததாம். மார்ச் மாசம் இன்னொரு திருத்தம்: பல்லால கடிக்க வேணாம், கையால கிழிங்க.

மீரட்ல நடந்ததைப் படிச்சா சிரிக்கறதா அழறதான்னு தெரியல. ஏப்ரல் 24, 1857. மூணாவது குதிரைப்படையின் கர்னல் கார்மைக்கேல் ஸ்மித் 90 பேரை நிறுத்தறார். எதுக்கு? இனிமே கடிக்க வேணாம், கையால கிழிச்சா போதும்னு சொல்லிக் காட்ட! கொடுத்தது குண்டில்லாத பழைய பயிற்சித் தோட்டா, பல வருஷமா அவங்க பயன்படுத்தினது. 85 பேர் தொடவே மறுத்துட்டாங்க. ராணுவ விசாரணை, கடுங்காவல். மே 9ல எல்லார் முன்னாடியும் காலில் விலங்கு. மே 10ஆம் தேதி மீரட் எரிஞ்சது.

அதனால "மூடநம்பிக்கை, வதந்தி"ன்னு சிரிச்சுட்டுப் போற புத்தகங்களோட எனக்கு உடன்பாடில்ல. அவங்க மறுத்தது கையில் இருந்த தோட்டாவை இல்ல, கொடுத்த ஆளோட பேச்சை. நிலவரி, அவத் இணைப்பு, படித்தொகைன்னு மத்த காரணங்கள் எல்லாம் பின்னாடி மூட்டை கட்டிக் காத்துக்கிட்டிருந்தது.

இதுல நம்ம பக்கம் எங்கேன்னு கேட்பீங்க. இதே பாடம் மதராஸ் ராணுவத்துக்கு 51 வருஷம் முன்னாடியே நடந்தாச்சு. 1806ல தளபதி கிராடக் புதுத் தலைப்பாகை கொண்டு வந்தார். அதுல தோல் பட்டை. நெற்றியில் மதக்குறி கூடாது, தாடி கூடாதுன்னு கூடவே விதிகள். ஜூலை 10 வேலூர் கோட்டை வெடிச்சது. கிராடக்கையும் கவர்னர் பென்டிங்கையும் திருப்பி அழைச்சாங்க. அந்த ஃபைல் லண்டன்ல இருந்திருக்கும். யார் திறக்கறது?

1857ல மதராஸ் ராணுவம் பெரும்பாலும் அமைதிதான். ஒரு விதிவிலக்கு நம்ம பக்கத்துலயே. எங்க ஊரிலிருந்து வண்டலூர் போய் படப்பை, ஒரகடம் வழியா திரும்பினா ஸ்ரீபெரும்புதூர். ஆகஸ்ட் மாசம் வங்காளத்துக்குக் கப்பலேறப் பெங்களூரிலிருந்து வந்த மதராஸ் எட்டாவது குதிரைப்படை அங்கே நின்னுடுச்சு. பழைய சம்பளமும் பென்ஷனும் கொடுத்தாத்தான் நகருவோம்னாங்க. குதிரையையும் ஆயுதத்தையும் பறிச்சு அந்தப் படையையே கலைச்சுட்டாங்க. அந்த வழியா எத்தனையோ தடவை பைக்ல போயிருக்கேன், கார் ஃபேக்டரி தவிர ஒண்ணும் தெரிஞ்சதில்ல.

புது ரைபிளோட போனது வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கொண்ட மதராஸ் பியூசிலியர்ஸ். அதன் தலைவர் நீல், அலகாபாத் பக்கம் ஊர் ஊரா தூக்குப் போட்டவர். அவருக்கு மவுண்ட் ரோட்டுல சிலை வேற வெச்சிருந்தாங்க. 1927ல போராட்டம், 1937ல ராஜாஜி அரசு எடுத்து மியூசியத்துக்கு அனுப்பினது.

ரைபிள் கதை இதோட முடியல. அந்தப் போர்லயே வெயிலில் கொழுப்பு உருகி, காகிதம் உறிஞ்சி, குண்டு உள்ளே போகாம வெள்ளைக்காரச் சிப்பாய்களே திணறினாங்க. 1859 வாக்கில் குண்டைச் சின்னதாக்கினாங்க. கலவையில் விலங்குக் கொழுப்பைக் குறைச்சு தேன்மெழுகைக் கூட்டினாங்க. தேன்மெழுகு யார் மதத்தையும் கெடுக்காது, வெயிலும் தாங்கும். இந்தியச் சிப்பாய்களுக்கு? ரைபிளே கிடையாது. உள்ளே வரிப்பள்ளம் இல்லாத என்பீல்டு தனியா செஞ்சு கொடுத்தாங்க. பார்க்க ரைபிள் மாதிரி, சுட்டா பழைய பிரௌன் பெஸ்.

நண்பன் ரெண்டு வாரம் கழிச்சு ஒரு லாட்டை முடிவு பண்ணிட்டான். காலி அட்டைப்பெட்டி ஒண்ணு என் மேஜைக்கு வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எடை இருக்கு, வேகம் இருக்கு, லாட் நம்பர் இருக்கு. என்ன கிரீஸ்னு மட்டும் போடல. அவன்கிட்ட கேட்டேன். "கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல"ன்னான். மறுபடி ஒண்ணு போடுறான்னு சொல்லியிருக்கேன்.