சீனி காத்த மருந்து

நேயர்களே, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ குழந்தைக்குச் சின்னமுத்துத் தடுப்பூசி இடுவதைக் கண்டிருப்பீர்கள். தாதியார் எடுக்கும் குப்பியின் அடியில் சிறிது உலர்பொருள் ஒட்டியிருக்கும். நீர் கலந்ததும் அது மருந்தாகும். அந்த உலர்பொருளுக்கு நீண்ட வரலாறு உண்டு.

1796ஆம் ஆண்டில் எட்வர்ட் ஜென்னர் பெரியம்மைக்குத் தடுப்புமுறை கண்டார். ஆயினும் மருந்தை வெப்பநாடுகளுக்கு அனுப்புவது பெரும்பாடாயிற்று. நூலில் தோய்த்து உலர்த்திய அம்மைப்பால் கப்பற் பயணத்தில் வீரியமிழந்தது. இறுதியில் அது பக்தாது வழியாக, கைக்குக் கை மாற்றப்பட்டு, 1802 ஜூன் மாதம் பம்பாயை அடைந்தது. அவ்வாண்டிலேயே இலங்கைக்கும் வந்தது. இங்கு அதனைப் பரப்பியவர் தோமஸ் கிறிஸ்டி என்னும் மருத்துவர். ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்திலிருந்து மறு குழந்தைக்கு! இச்சங்கிலி அறுந்தால் மருந்தே இல்லை.

உலர்த்தினால் மருந்து கெடுவதேன்? புரதம் என்பது குறித்த வடிவில் மடிந்த நீண்ட இழை. சுற்றியுள்ள நீர் அவ்வடிவம் நிலைக்கத் துணைசெய்கிறது. நீர் அகன்றால் மடிப்புக் குலைகிறது. குலைந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

1950களில் லிஸ்டர் நிலையத்தில் லெஸ்லி கோலியர், பெப்டோன் என்னும் பொருளைச் சேர்த்து, அம்மைப்பாலை உறையவைத்து உலர்த்தினார். அது கடும் வெப்பத்தையும் தாங்கியது. 1980இல் பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதற்கு இவ்வுலர்மருந்தும் ஒரு காரணம்.

வேறு பல மருந்துகளில் இக்காவற்பணியைச் சீனி வகைகள் ஏற்றன. சீனியின் மூலக்கூறு, நீர் விட்டுச்சென்ற இடத்தில் நின்று புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அன்றியும் கண்ணாடிபோல் இறுகி அதனை அசையாமல் வைக்கிறது. கற்கண்டாகப் படிகங்கட்டினால் பயனில்லை. படிகம் புரதத்தை வெளியே ஒதுக்கிவிடும். பாகு காய்ச்சி விரைந்து ஆறவிட்ட இனிப்பைப்போல் இறுக வேண்டும். சின்னமுத்து மருந்துகள் பலவற்றில் சீனியின் உறவான சோர்பிட்டோல் சேர்க்கப்படுகிறது.

1984இல் அத்தடுப்பூசி இலங்கையின் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. 2019இல் இந்நாட்டில் சின்னமுத்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஒன்றை மறவாதீர்கள்: நீர் கலந்த கணமே அக்காவல் தளர்கிறது. கரைத்த மருந்தைக் குளிரில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிடவேண்டும். ஆகவே தடுப்பூசிக்குக் குறித்த நாளில், குறித்த வேளையில் செல்லுங்கள். அன்று குழந்தைகளின் கைகளே சுமந்த மருந்தை இன்று ஒரு துளிச் சீனி சுமக்கிறது.