வைத்தியருக்கு ஓர் அளவுகோல்

கல்முனையிலிருந்து கிட்டங்கிப் பாலத்தைக் கடந்து சென்றால் வயல் சூழ்ந்த சவளக்கடையை அடையலாம். முன்னாளில் இத்தகைய ஊர்களில் பரிசாரியாரின் கைராசியே அவருக்குச் சான்று. அவர் குணப்படுத்தியோரையும் கைவிட்டோரையும் ஊரே அறிந்திருந்தது. இன்றோ முன்பின் அறியாத வைத்தியரிடம் நோயாளி தன் உயிரை ஒப்படைக்கின்றான். அவர் கொழும்பிலே கற்றாரா, மொஸ்கோவிலே கற்றாரா என்று அவன் வினவுவதில்லை. அவனுக்காக வினவ வேண்டியது நாட்டின் கடமை. அக்கடமையின் வரலாறே வைத்தியர் பதிவின் வரலாறாகும்.

இங்கிலாந்தில் 1858ஆம் ஆண்டுச் சட்டம் பொது மருத்துவ சபையை நிறுவி, தகுதி பெற்றோரின் பெயரேட்டைத் தொடக்கிற்று. இலங்கையில் 1870இல் கொழும்பு மருத்துவப் பாடசாலை தோன்றியது. 1880இல் அது கல்லூரியாக உயர்ந்தது. 1887இல் அதன் உரிமச் சான்று பெற்றோர் இங்கிலாந்திலும் தொழில் புரியலாம் என அச்சபை ஏற்றுக்கொண்டது. நம்மவர் தகுதியை அளந்த கோல் அன்று இலண்டனில் இருந்தது. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் பதிவின் பொறுப்பை இந்நாட்டில் வலுப்படுத்தியது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமைந்தபோது பட்டமும் நம்முடையதாயிற்று.

பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. சோவியத் நாட்டிலும், அதன் பின் சீனம், வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளிலும் கற்ற இலங்கையர் பட்டத்துடன் திரும்பினர். முன்பு அளக்கப்பட்ட நாடு இப்போது அளக்கும் நாடாயிற்று. மருத்துவச் சட்டத்தைத் திருத்திய 16ஆம் இலக்கச் சட்டத்தின் பெயராலேயே அவர்களுக்கான பரீட்சை பல்லாண்டு வழங்கியது. இன்று அது மருத்துவத் தொழில் புரிவதற்கான பதிவுப் பரீட்சை எனப்படுகின்றது. ஏட்டறிவோடு நோயாளியைப் பரிசோதிக்கும் திறமும் அதில் சோதிக்கப்படும். தேறியவர் உள்ளகப் பயிற்சியையும் முடித்த பின்னரே முழுப் பதிவு பெறுவர்.

உள்நாட்டு அரச மருத்துவபீடங்களில் கற்றோர் இப்பரீட்சைக்குத் தோற்றுவதில்லை. தத்தம் பீடத்தின் இறுதிப் பரீட்சையே அவர்களுக்குப் போதுமானது. ஒரே தொழிலுக்கு இரு வாயில்கள் எதற்கு என்னும் கேள்வி இங்கே எழுகின்றது. அமெரிக்காவில் 1992 முதல் இரு சாராருக்கும் ஒரே உரிமப் பரீட்சைத் தொடர் உண்டு. இந்தியாவில் வெளிநாட்டில் கற்றோருக்கான தேர்வு 2002இல் வந்தது. இரு சாராருக்கும் பொதுவான இறுதித் தேர்வை 2019ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. இங்கிலாந்தும் 2024 முதல் தன் மாணவரையும் பொது மதிப்பீட்டுக்கு உட்படுத்தியது. பொதுப் பரீட்சை வந்தால் ஐந்தாண்டுப் பயிற்சி சில நாள் விடைத்தாளில் சுருங்கிவிடும் என அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் எவருக்கும் ஒரே அளவு என்பது நீதியோடு பொருந்துவது.

ஒன்று மட்டும் இன்னும் அளக்கப்படாமலே இருக்கின்றது. பரீட்சை ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. சவளக்கடை நோயாளியோ தமிழிலேயே தன் நோவைச் சொல்கின்றான். 1848இல் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிய சாமுவேல் கிறீன் இதனை உணர்ந்தே, 1860களில் மாணவருக்குத் தமிழிலே பாடஞ் சொன்னார். நோயாளியின் மொழியை விளங்கிக்கொள்வதும் வைத்தியத் தகுதியின் ஒரு பகுதியே. எவ்வளவு நுட்பமான அளவுகோலாயினும், அது நோயாளிக்காக ஏற்பட்டது என்பதை மறந்தால் பயனற்றதாகிவிடும்.